விடுதிக்குப் போன பிள்ளையிடம் என்ன கேட்பது?

கடலூர், பண்ருட்டி, நெய்வேலிப் பக்கத்திலிருந்து பிள்ளையைச் சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ படிக்க அனுப்பும் பெற்றோர் வாளி, பூட்டு, பாய், ஊறுகாய்ப் பாட்டில் என ஒன்றையும் மறப்பதில்லை. புதுச்சேரியில் மாணவியர் விடுதி ஒன்றில் சில ஆண்டுகள் காப்பாளராக இருந்த நான் கண்டவரையில், முதல் செமஸ்டரில் பிள்ளைகளை வாட்டுவது பாடச்சுமை மட்டுமன்று. சொன்னால் அம்மா அழுவார், கடன் வாங்கிக் கட்டணம் கட்டிய அப்பா நொந்துபோவார் என்று எண்ணி, எல்லாவற்றையும் தமக்குள்ளேயே பூட்டி வைத்துக்கொள்வதுதான். ஆகவே, உண்மையைச் சொன்னால் வீடு இடிந்துவிடாது என்று பிள்ளை நம்பும்படி நடந்துகொள்வதே குடும்பத்தின் முதல் வேலை.

அந்த நம்பிக்கையைப் புறப்படும் முன்பே கொடுத்துவிட வேண்டும். "அரியர் விழுந்தாலும் எங்ககிட்டதான் முதல்ல சொல்லணும், திட்ட மாட்டோம்" என்று அப்பாவே வாய் திறந்து சொல்வது நல்லது. சொன்னபடி நடக்கவும் வேண்டும். ஒருமுறை கத்திவிட்டால் அடுத்த செய்தி நமக்கு வராது. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்து, பள்ளியில் முதல் வரிசையில் நின்ற பிள்ளை, ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்பில் பாதி புரியாமல் உட்கார்ந்திருக்கும்போது தன்னையே மந்தம் என்று முடிவு கட்டிக்கொள்கிறது. அது மொழியின் தடையே தவிர அறிவின் குறை அன்று என்பதையும், பழகச் சில மாதங்கள் ஆகும் என்பதையும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

தொலைபேசியில் பேசுவதற்கும் ஒரு முறை உண்டு. "சாப்பிட்டியா?" என்பது அன்பான கேள்விதான், ஆனால் "ம்" என்ற பதிலோடு அது முடிந்துவிடும். "இன்னைக்கு யார்கூட உக்காந்து சாப்பிட்ட?" என்று கேட்டுப் பாருங்கள், தனியாகச் சாப்பிடுகிற பிள்ளையின் குரல் அங்கே தயங்கும். தயங்கினால் அவசரப்பட்டு அறிவுரை சொல்லாமல் காத்திருங்கள். ஸ்பீக்கரில் போட்டு வீட்டார் அனைவரும் கேட்கும்படி பேசுவதையும், சித்தப்பா மகனின் மதிப்பெண்ணை இடையில் கொண்டுவருவதையும் தவிர்த்துவிடுங்கள். பெற்றோரிடம் சொல்ல இயலாததை அத்தையிடமோ அக்காவிடமோ சொல்லக்கூடும். அவர்கள் அதை ஊர் முழுக்கப் பரப்பாதவர்களாக இருப்பது முக்கியம்.

சென்னையிலிருந்து நான்கைந்து மணி நேரத்தில் பேருந்தில் கடலூர் வந்துவிடலாம் என்பதால், வீட்டு ஏக்கத்தில் சிலர் வாரந்தோறும் ஓடி வருவார்கள். வராதே என்று தடுக்க வேண்டாம். ஆனால் முதல் மாதத்தில் இரண்டு வார இறுதியாவது அங்கேயே தங்கச் செய்வது நட்புகள் முளைக்க உதவும் என்பது என் கருத்து.

ராகிங் என்று தெரிந்தால், பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள் என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். தமிழ்நாட்டில் 1997 முதலே அதற்கெனத் தடைச் சட்டம் இருக்கிறது. 1800-180-5522 என்ற தேசிய உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

வீட்டு ஏக்கம் பெரும்பாலும் சில வாரங்களில் தணியும். ஆனால் தூக்கமின்மை அல்லது ஓயாத தூக்கம், சாப்பாட்டில் வெறுப்பு, குளிக்காமல் வகுப்புக்குப் போகாமல் அறையிலேயே கிடத்தல், பிடித்த கிரிக்கெட்டில்கூட நாட்டமின்மை ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதைச் சோம்பேறித்தனம் என்று எண்ணாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். "நான் இல்லன்னா உங்களுக்கு நிம்மதி" என்பது போன்ற பேச்சு வந்தால் இரண்டு வாரமும் காத்திருக்கக் கூடாது. "செத்துப்போயிடலாம்னு தோணுதா?" என்று அமைதியாக, நேரடியாகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக விதைக்கப்படுவதில்லை, சொல்ல முடியாமல் தவித்தவருக்குப் பேச ஒரு வழி திறக்கிறது. ஆம் என்றால் தனியே விடாதீர்கள். விடுதிக் காப்பாளரையோ அறைத் தோழரையோ உடனே அருகில் இருக்கச் செய்துவிட்டு, அன்றே புறப்படுங்கள்.

தொலைபேசி வழியே மனநல ஆலோசனை தரும் அரசின் டெலிமானஸ் சேவையின் 14416 என்ற எண்ணை இன்றே கைபேசியில் பதிந்து வையுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட இந்த இலவசச் சேவையில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், பெற்றோரும் அழைக்கலாம். நேரில் பார்க்க, புதுச்சேரி கோரிமேட்டிலுள்ள ஜிப்மரில் மனநல மருத்துவத் துறை இருக்கிறது. சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்வதால், வரன் பார்க்கும்போது தெரிந்துவிடுமோ என்று அஞ்சி யாரும் பின்வாங்கத் தேவையில்லை. மனச்சோர்வுக்கான மாத்திரைகள் பலன் தரச் சில வாரங்கள் பிடிக்கும். நடுவில் நிறுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கோயிலுக்குப் போய்க் கயிறு கட்டிக்கொள்வதில் தவறில்லை, ஆனால் அதற்காக மருத்துவரைத் தள்ளிப்போடாதீர்கள்.

முதல் விடுமுறைக்கு வரும் பிள்ளையை முதல் நாள் நன்றாகத் தூங்க விடுங்கள். பொங்கலுக்கு வரும் உறவினர் மதிப்பெண்ணைப் பற்றி விசாரித்தால், பிள்ளை வாய் திறப்பதற்கு முன் நீங்களே பதில் சொல்லிப் பேச்சை மாற்றிவிடுங்கள்.