உறைபனி காலையில் மக்கர் செய்யும் பழைய டீசல் பிக்கப்

என்னுடையது 1999 மாடல் டீசல் பிக்கப். நாலு சிலிண்டர், ஹீட்டர் பிளக் (ஸ்டார்ட் செய்யும் முன் சிலிண்டருக்குள் சூடேற்றும் பிளக்) போட்ட பழைய எஞ்சின், டீசலை அழுத்தி அனுப்ப மைக்கோ ரோட்டரி பம்பு. கம்ப்யூட்டர், சென்சார் எதுவும் கிடையாது. ஊட்டி பக்கம் கேத்தி பாலாடாவில் கழுவிய கேரட் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, விடிவதற்குள் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குவதுதான் அதன் பிழைப்பு. ஏப்ரலில் சாவியைத் திருப்பியதும் பிடித்துவிடும். டிசம்பர் பாதியில் புல்மேல் உறைபனி வெள்ளையாக விழத் தொடங்கினால் அதே வண்டி கால் மணி நேரம் அழும். நான் மெக்கானிக் இல்லை. மூன்று மணி இருட்டில், மூட்டை ஏற்றிய வண்டியோடு, ஃபோன் எடுக்காத மெக்கானிக்கை நம்பி நின்று நின்று கற்றுக்கொண்டவன்.

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். ஐந்து வருடம் வண்டியை வீட்டு முன்னால் இறக்கத்தைப் பார்த்துத்தான் நிறுத்தினேன். மலையில் எல்லோரும் அப்படித்தான். பேட்டரி இழுக்காவிட்டால் உருட்டி, கியரில் விட்டு எழுப்பிக்கொள்ளலாம். ஒரு மார்கழியில் குடிநீர்க் குழாய்க்காக ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் மேட்டைப் பார்த்து நிறுத்தினேன். மறுநாள் காலை சுத்தமாகப் பிடிக்கவில்லை. “குளிர்ல டீசல் உறைஞ்சிருச்சு” என்றார்கள் டீக்கடையில். நானும் நம்பி, வெந்நீர் ஊற்றி, சாக்கு சுற்றி, எல்லாம் செய்தேன். ஏழு மணிக்கு வந்த மெக்கானிக் அண்ணன் பானட்டைக்கூடத் திறக்கவில்லை. “நேத்து எந்தப் பக்கம் பார்த்து நிறுத்துனே?” என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்வியின் அர்த்தத்துக்கு அப்புறம் வருகிறேன். அதற்கு முன், குளிரில் டீசல் எஞ்சின் ஏன் தகராறு செய்கிறது என்பது கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். இதில் தீப்பொறி கிடையாது. சிலிண்டருக்குள் வரும் காற்றை ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காக அமுக்குவதால் வரும் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. காற்றும் சிலிண்டர் சுவரும் சில்லென்று இருந்தால் அந்தச் சூடு ஏறாது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தமே கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். அமுக்குவதற்குக் காற்றே குறைவு. அதனால் கீழே மேட்டுப்பாளையத்தில் தெரியாமல் கிடக்கும் சின்னச் சின்னக் குறைகள் எல்லாம் மேலே வந்ததும் பல்லைக் காட்டும்.

காலையில் பிடிக்கவில்லையா? முதலில் ஸ்டார்ட்டர் சுற்றும் சத்தத்தைக் கேளுங்கள். வழக்கமான வேகத்தில் சுற்றாமல் இழுத்து இழுத்துச் சுற்றினால் டீசல் பக்கம் போகவே வேண்டாம், பேட்டரிதான். பூஜ்ஜியம் டிகிரி அருகே பேட்டரியின் இழுவை மூன்றில் ஒரு பங்காவது குறைந்துவிடும். எஞ்சின் ஆயிலும் அதே நேரத்தில் வெல்லப்பாகு மாதிரி ஆகியிருக்கும். ராத்திரி முழுக்க நின்ற பேட்டரியில் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். சுற்றும்போது பத்துக்குக் கீழே சரிந்தால் சந்தேகம்தான். ஆனால் புது பேட்டரி வாங்க ஓடாதீர்கள். எஞ்சினிலிருந்து சேஸிக்குப் போகும் எர்த் பட்டையைப் பாருங்கள். மீட்டரின் ஒரு முனையை எஞ்சின் இரும்பிலும் மறு முனையைப் பேட்டரி மைனஸிலும் வைத்து, ஒருவரை ஸ்டார்ட்டர் போடச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பட்டை துருப்பிடித்திருக்கிறது. என் வண்டியில் ஒன்றே முக்கால் காட்டியது. அதற்கு முன்பே நான் ஒரு பேட்டரி மாற்றியிருந்தேன் என்பது வேறு கதை. ஆயில் 15டபிள்யூ-40 ஊற்றுங்கள்.

நன்றாகச் சுற்றுகிறது, ஆனாலும் பிடிக்கவில்லை என்றால் சைலன்சருக்குப் பின்னால் போய் நில்லுங்கள். ஒருவர் பத்து நொடி ஸ்டார்ட்டர் போடட்டும். அதற்கு மேல் தொடர்ந்து போடக் கூடாது, ஒரு நிமிடம் ஆறவிட்டுத்தான் அடுத்தது. கண்ணை எரிக்கும் வெள்ளைப் புகை வந்தால், டீசல் உள்ளே போகிறது, பற்றவில்லை. புகையே இல்லை என்றால் டீசல் வந்தே சேரவில்லை. பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும். புகையைப் பார்க்காமல் ஃபில்டரை மாற்றுகிறவர்களும், டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் நாசிலைக் கழற்றிக்கொண்டு டவுனுக்கு ஓடுகிறவர்களும் காசைக் கரியாக்குகிறார்கள்.

வெள்ளைப் புகை என்றால் ஹீட்டர் பிளக். டாஷ்போர்டில் சுருள் விளக்கு எரிந்து அணைகிறதே என்று நினைக்காதீர்கள். அந்த விளக்கு நேரத்தைத்தான் எண்ணுகிறது, பிளக் சூடானதா என்று அதற்குத் தெரியாது. நாலு பிளக்கையும் இணைக்கும் உலோகப் பட்டையில், சாவியை ஹீட்டர் நிலையில் வைத்து, வோல்ட் பாருங்கள். ஒன்றும் வரவில்லை என்றால் ரிலே அல்லது ஃபியூஸ். பதினொன்றுக்குக் குறையாமல் வந்தால் பட்டையைக் கழற்றிவிட்டு, டெஸ்ட் விளக்கின் ஒரு முனையைப் பேட்டரி பிளஸ்ஸிலும் மறு முனையை ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தொடுங்கள். விளக்கு எரியாத பிளக் செத்துவிட்டது. எனக்கு நாலில் இரண்டு போயிருந்தது. இரண்டு பிளக்கிலும் வண்டி அக்டோபர் வரை ஓடும். காலையில் ஒரு நிமிடம் உதறும், வெள்ளையாகப் புகையும், அப்புறம் சரியாகிவிடும். அந்த உதறலையே “பழைய வண்டி அப்படித்தான்” என்று இரண்டு வருடம் விட்டிருந்தேன். மாற்றினால் நாலையும் சேர்த்தே மாற்றுங்கள். கழற்றுவதை எஞ்சின் சூடாக இருக்கும்போது, துருநீக்கும் எண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, பொறுமையாகச் செய்யுங்கள். பிளக் பாதியில் ஒடிந்தால் எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டையே இறக்க வேண்டி வரும்.

பிளக் நாலும் நன்றாக இருந்தும் வெள்ளையாகவே புகைந்தால் வால்வு இடைவெளி, பம்பு டைமிங், கம்ப்ரெஷன். அது வீட்டு வாசலில் பார்க்கிற வேலை இல்லை.

புகையே இல்லாத வண்டிக்கு வருவோம். முதலில் பம்பின் தலையில் இருக்கும் சொலினாய்டு, டீசல் வழியைக் கரண்டில் திறந்து மூடும் வால்வு. சாவியை ஆன் செய்ததும் அங்கே ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அந்த வயரைப் பாருங்கள். கரண்ட் வராமல் அது திறக்காது, திறக்காமல் ஒரு சொட்டு டீசலும் போகாது. சத்தம் கேட்டால் அடுத்த சந்தேகம் காற்று.

என் வண்டியில் தனியாக ஃபீட் பம்பு இல்லை. மைக்கோ பம்பே டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சிக்கொள்ளும். (அந்தக் கம்பெனி 2008-இல் பாஷ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஒர்க்‌ஷாப்பில் இன்றும் அது மைக்கோதான்.) உறிஞ்சுகிற குழாயில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே ஒழுகாது, காற்று உள்ளே போகும். ஸ்ட்ராவில் ஓட்டை விழுந்தால் இளநீர் ஏறாது இல்லையா, அதே கதை. ஓடும்போது பம்பு எப்படியோ சமாளித்துவிடும். ராத்திரி நின்றதும் அந்த ஓட்டை வழியாகக் காற்று புகுந்து, குழாயில் இருக்கும் டீசல் டேங்குக்கே திரும்பி இறங்கிவிடும். டேங்க் பின்னால், எஞ்சின் முன்னால். இறக்கம் பார்த்து நிறுத்தினால் டேங்க் உயரத்தில் இருக்கும், டீசல் எஞ்சின் பக்கமே தங்கிவிடும். மேடு பார்த்து நிறுத்தினால் காலையில் குழாய் காலி. அண்ணன் கேட்ட கேள்வி அதுதான். ஐந்து வருடம் நான் இறக்கத்தில் நிறுத்தியது பேட்டரியின் குறையை மட்டும் மறைக்கவில்லை, இந்த ஓட்டையையும் சேர்த்தே மறைத்திருக்கிறது.

எங்கே காற்று எடுக்கிறது என்று கண்டுபிடிக்க, ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் ஒரு அடி நீளத்துக்குக் கண்ணாடி மாதிரி தெரியும் டீசல் டியூபைத் தற்காலிகமாகப் போடுங்கள். எஞ்சின் ஓடும்போது குமிழி வரிசையாக ஓடினால் காற்று எடுக்கிறது. அடுத்து, பம்பின் உறிஞ்சு குழாயை நேராக ஒரு சுத்தமான டீசல் கேனில் விடுங்கள், கேனைப் பம்பைவிட உயரத்தில் வையுங்கள். குமிழி நின்று வண்டி ஒழுங்காக ஓடினால் பம்பு நிரபராதி, பின்னால் எங்கேயோ குறை. பிறகு ஃபில்டரை மட்டும் சேருங்கள், அப்புறம் டேங்கிலிருந்து வரும் குழாயைச் சேருங்கள். எதைச் சேர்த்ததும் குமிழி திரும்புகிறதோ, திருடன் அங்கே. என் வண்டியில் அது ஃபில்டர் தலையில் இருக்கும் கைப்பம்பின் ரப்பர் வளையம். அந்த இடத்தில் வெகு நாளாக லேசான ஈரம் இருந்தது, தூசி ஒட்டிக் கறுத்துப் போயிருந்தது. நான் தினமும் பார்த்த கறைதான்.

இன்னொரு இடம், நாசில்களை இணைக்கும் மெல்லிய ரிட்டர்ன் டியூப். துணி பின்னிய அந்த டியூப் வெடித்தாலும் ராத்திரியில் காற்று எடுக்கும். விலை சொற்பம், சந்தேகம் வந்தாலே மாற்றிவிடலாம். டீசல் குழாயைப் பூட்டும் பேஞ்சோ போல்ட்டைக் (நடுவில் துளை உள்ளது) கழற்றினால் பழைய காப்பர் வாஷரைத் திரும்பப் போடாதீர்கள். 2020 ஏப்ரலிலிருந்து பங்கில் வரும் டீசலில் கந்தகம் 10 பிபிஎம்தான் (பத்து லட்சத்தில் பத்து பங்கு). அந்தக் காலத்து டீசலில் ஊறியே பழகிய ரப்பர் வளையங்கள் இதில் சுருங்கிக் கசிவது உண்டு. பழைய பம்பு, ஃபில்டர் தலைக்கு வளையம் வாங்கும்போது விட்டான் ரப்பர் என்று கேட்டு வாங்குங்கள்.

ஓட்டையை அடைத்ததும் ‘ஏர் எடுக்க’ வேண்டும், அதாவது உள்ளே தங்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். ஃபில்டர் தலையில் இருக்கும் ப்ளீடு ஸ்க்ரூவை ஒரு சுற்றுத் தளர்த்தி, கைப்பம்பை அமுக்குங்கள். முதலில் நுரை வரும், பிறகு குமிழி, பிறகு சுத்தமாக டீசல். அப்போது இறுக்குங்கள். கைப்பம்பு கல் மாதிரி கெட்டியாகும் வரை இன்னும் கொஞ்சம் அடியுங்கள். அப்படியும் பிடிக்காவிட்டால் நாசிலுக்கு வரும் இரும்புக் குழாய்களின் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தி ஸ்டார்ட்டர் போடுங்கள். ஒவ்வொன்றிலும் டீசல் தெறித்ததும் இறுக்குங்கள். அந்த இடத்தில் கை விரல் வேண்டாம். சதுர சென்டிமீட்டருக்கு நூறு கிலோவுக்கு மேல் அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், விரலையே எடுக்க வேண்டி வரும். கம்ப்யூட்டர் வைத்த புதிய காமன் ரெயில் டீசல் வண்டிகளில் அழுத்தம் இதைவிடப் பத்து மடங்குக்கு மேல். அதில் எந்த நட்டையும் தொடாதீர்கள்.

தண்ணீர் இன்னொரு தொல்லை. பாதி டேங்க்கோடு மூடுபனியில் நிற்கும் வண்டியில், டேங்கின் உள்சுவரில் ஈரம் படிந்து கீழே இறங்கும். அதனால் நான் சாயங்காலமே டேங்கை நிரப்பிவிடுவேன். ஃபில்டருக்கு அடியில் இருக்கும் திருகைத் திறந்து கண்ணாடி பாட்டிலில் ஒரு டம்ளர் அளவு பிடித்து வைத்தால், ஐந்து நிமிடத்தில் தண்ணீர் அடியில் தனியாக நிற்கும். மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை. கறுப்பாக வழவழவென்று ஏதாவது வந்தால் டேங்கில் பாசி பிடித்திருக்கிறது, இறக்கிக் கழுவ வேண்டும். வண்டி பிடித்து, இரண்டு மூன்று கிலோமீட்டர் போய்த் திணறி நின்றால் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். ‘உஸ்’ என்று காற்றை உறிஞ்சினால் மூடியின் மூச்சு ஓட்டை அடைத்திருக்கிறது. குன்னூர் தாண்டி ஒருமுறை ஒரு மணி நேரம் நின்றபின்தான் இது எனக்குப் புரிந்தது.

சரி, டீசல் உறைவதே இல்லையா? உறையும். டீசலில் மெழுகு இருக்கிறது. குளிரில் அது தேங்காய் எண்ணெய் மாதிரி முதலில் கலங்கும், பிறகு ஃபில்டரை அடைக்கும். டீசலுக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 1460-இன்படி ஃபில்டர் அடைபடத் தொடங்கும் வெப்பநிலை குளிர்கால டீசலுக்கு அதிகபட்சம் 6 டிகிரி, கோடைக்கால டீசலுக்கு 18. கீழே கோடையில் நிரப்பி, மேலே வீட்டில் கேனில் வைத்த டீசலை ஜனவரியில் ஊற்றினால் வம்புதான். ஆனால் ஊகிக்க வேண்டாம். அதே டீசலை ஒரு கண்ணாடி பாட்டிலில் ஊற்றி ராத்திரி வெளியே மதில்மேல் வையுங்கள். காலையில் தெளிவாக இருந்தால் பழியை டீசல்மேல் போடாதீர்கள். கலங்கியிருந்தால் வெந்நீரில் நனைத்த சாக்கை ஃபில்டரில் சுற்றுங்கள். பம்பின் மேல் நேராகக் கொதிநீர் ஊற்றாதீர்கள், உள்ளே இருக்கும் பாகங்கள் மயிரிழை இடைவெளியில் ஓடுகிறவை.

மண்ணெண்ணெய் கலக்கச் சொல்வார்கள். பம்புக்கு டீசல்தான் எண்ணெய், மண்ணெண்ணெயில் அந்த வழுவழுப்பு இல்லை. ஏர் கிளீனரில் ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிக்கச் சொல்வார்கள். சிவக்கச் சூடான ஹீட்டர் பிளக் இருக்கும் எஞ்சினில் அது வெடி வைப்பதற்குச் சமம், பிஸ்டன் ரிங் உடையும். டேங்குக்கு அடியில் பந்தம் பிடிக்கிற பழைய லாரிக்காரர்களை நானே பார்த்திருக்கிறேன். அதைப் பற்றி என்ன சொல்ல.

இப்போது பேட்டரி, எர்த், பிளக், ரப்பர் வளையம் எல்லாம் மாற்றியாகிவிட்டது. இருந்தாலும் சனிக்கிழமை ராத்திரி மட்டும் வேண்டுமென்றே மேட்டைப் பார்த்து நிறுத்துகிறேன். ஞாயிறு மண்டி வேலை இல்லை. காலையில் முதல் சுற்றிலேயே பிடித்தால் சரி. இரண்டு மூன்று முறை போட வேண்டியிருந்தால், அந்தக் கண்ணாடி டியூபை எடுத்துக்கொண்டு பானட்டைத் திறக்க ஒரு பகல் முழுக்க இருக்கிறது.