நெருக்கமான வீதிகளுக்கு ஒரு வரைபட இடைமுகம்

மதுரை உணவகங்களுக்கான மதிப்புரைச் செயலி ஒன்றின் இடைமுகத்தைத் திட்டமிட்டபோது எங்களைத் திணறடித்தது மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள பகுதிதான். சித்திரை, ஆவணி மூல, மாசி வீதிகள் ஒன்றையொன்று சூழ்ந்து அமைந்திருப்பதால், கைபேசித் திரையில் குறிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, எதைத் தொட்டாலும் பக்கத்துக் கடையே திறந்தது.

அருகருகே இருந்த குறிகளைத் திரட்டி, எண்ணிக்கை எழுதிய ஒரே வட்டமாகக் காட்டி, வரைபடத்தைப் பெரிதாக்கும்போது அவை பிரியும்படி அமைத்தோம். தொடும் பரப்பு, ஆண்ட்ராய்டு வழிகாட்டுதல் பரிந்துரைக்கும் 48 டிபிக்கு (dp, திரையின் புள்ளி அடர்த்தியைச் சாராத நீள அலகு) குறையாமல் பார்த்துக்கொண்டோம். ஒரே கட்டடத்தின் வெவ்வேறு மாடிகளில் உள்ள கடைகளோ எவ்வளவு பெரிதாக்கினாலும் பிரிவதில்லை. அத்தகைய இடங்களில் வட்டத்தைத் தொட்டதும் திரையின் கீழிருந்து பட்டியல் எழும்படி செய்ததே, என் கணிப்பில், முழுத் திட்டத்திலும் பயன்மிக்க முடிவாகும்.

வரைபடத்தை நகர்த்தும்போதெல்லாம் பட்டியல் தானாக மாறினால், படித்துக்கொண்டிருந்த மதிப்புரை கைநழுவிவிடும் என்பதால், ‘இப்பகுதியில் தேடு’ என்ற பொத்தானைச் சேர்த்தோம்.

நட்சத்திர மதிப்பீடு வேறு வகைச் சிக்கலாக இருந்தது. ஒரேயொருவர் 5 நட்சத்திரம் அளித்த கடை, 200 பேரிடம் 4.4 பெற்ற கடையை முந்திவிடக் கூடாதல்லவா? எனவே, ஒவ்வொரு கடைக்கும் ஊர்ச் சராசரி மதிப்பில் பத்துக் கற்பனை வாக்குகளைச் சேர்த்துக் கணக்கிட்டு வரிசைப்படுத்தினோம். உண்மையான வாக்குகள் பெருகப் பெருக அந்தக் கற்பனை வாக்குகளின் செல்வாக்கு தேய்ந்துவிடும். மதிப்புரைகளின் எண்ணிக்கையை நட்சத்திரத்துக்குப் பக்கத்திலேயே, அதே எழுத்தளவில் அச்சிட்டோம்.