புயல் படத்தில் நடுக்கோட்டை மட்டும் பார்க்காதீர்கள்

ஹரிக்கேன் சீசனில் அமெரிக்கத் தேசியப் புயல் மையம் வெளியிடும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். கடலில் ஒரு புள்ளி, அங்கிருந்து விரிந்துகொண்டே போகும் வெள்ளைக் கூம்பு, சில படங்களில் நடுவே ஒரு கறுப்புக் கோடு. கண் போய் நிற்பது அந்தக் கோட்டில்தான். நம் ஊர் மேல் கோடு போகவில்லையா, பிழைத்தோம் என்று ஜன்னலுக்குப் பலகை அடிக்காமல் விட்டுவிடுகிறோம்.

2004 ஆகஸ்ட் 13 அன்று சார்லி புயல் ஃபுளோரிடாவின் டாம்பாவுக்குத்தான் என்று பேச்சு. புயலோ முன்னதாகவே வலப்பக்கம் ஒடித்துத் திரும்பி புன்டா கோர்டாவைப் புரட்டிப்போட்டது. கரையைத் தொடுவதற்குள் சில மணி நேரத்தில் இரண்டாம் வகையிலிருந்து நான்காம் வகைக்கு (காற்றின் வேகத்தை வைத்து ஒன்று முதல் ஐந்து வரை பிரிப்பார்கள்) ஏறியும் விட்டது. கணிப்பு பொய்த்துவிட்டது என்றார்கள். ஆனால் புன்டா கோர்டா கூம்புக்குள்தான் இருந்தது. 2022-ல் இயன் வந்தபோதும் பேச்செல்லாம் டாம்பாதான், அடி விழுந்தது ஃபோர்ட் மயர்ஸ் பீச்சில். இரண்டு புயலும் கரை ஏறியது ஒரே கேயோ கோஸ்டா தீவில்! இயன் வந்த அன்று டாம்பா விரிகுடாவில் தண்ணீர் உள்வாங்கி, தரை தெரிந்த இடத்தில் ஆட்கள் இறங்கி நடந்துகொண்டிருந்தார்கள்.

கூம்பு என்பது புயலின் அகலமும் அல்ல. கடந்த ஐந்து வருடங்களில் கணிப்பு எத்தனை மைல் தவறியது என்று பார்த்து, ஏறக்குறைய மூன்றுக்கு இரண்டு தடவை புயலின் மையப்புள்ளி இதற்குள் இருக்கும் என்று போட்ட கணக்கு அது. மீதி ஒரு தடவை வெளியே போகும். அதுவும் மையம் மட்டும்தான். மழையும் கடல்நீரும் கூம்பின் விளிம்பு பார்த்து நிற்பதில்லை.

‘ஒன்றாம் வகைதானே’ என்பது அடுத்த தவறு. அந்த வகை காற்றின் வேகத்தை மட்டும் சொல்கிறது. 2018-ல் ஃப்ளோரன்ஸ் ஒன்றாம் வகையாகத்தான் வட கரோலினாவில் கரை கடந்தது. சில இடங்களில் 30 அங்குலத்துக்கு மேல் கொட்டித் தீர்த்தது.

பனிப்புயல் இன்னும் வம்பு பிடித்தது. 2015 ஜனவரியில் நியூயார்க்குக்கு 20 முதல் 30 அங்குலம் என்று அறிவித்து, பனிக்காக வரலாற்றிலேயே முதல் முறையாக சப்வே ரயிலை நிறுத்தினார்கள். சென்ட்ரல் பார்க்கில் விழுந்தது 9.8 அங்குலம். புயல் கொஞ்சம் கிழக்கே ஒதுங்கிவிட்டது, அவ்வளவுதான். லாங் ஐலண்டின் கிழக்கே இரண்டடி, மாசசூசெட்ஸின் வூஸ்டரில் 34.5 அங்குலம் என்று கொட்டியது. ஒரு வானிலை அதிகாரி ட்விட்டரில் மன்னிப்பே கேட்டார். என்னைக் கேட்டால், கணிப்புக்காக அவர் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டியதில்லை. எவ்வளவு தவறலாம் என்பதைச் சின்ன எழுத்தில் போட்டதுதான் கோளாறு.

அந்தத் தடவை அதிகப் பனி காட்டியது ஐரோப்பிய மாடல், அதாவது ஐரோப்பியர்களின் கணினிக் கணிப்பு. 2012-ல் சாண்டி புயல் நியூஜெர்சி பக்கம் திரும்பும் என்று ஒரு வாரம் முன்பே சொன்னதும் அதுதான். அதனால் அதற்கு நல்ல பெயர் இருந்தது. 2015-ல் நியூயார்க்கைப் பொறுத்தவரை அமெரிக்க மாடல்தான் கிட்டத்தில் வந்தது. போன பரீட்சையில் முதல் மார்க் எடுத்தவன் பேப்பரை மட்டும் பார்த்து எழுதினால் இப்படித்தான் ஆகும்.

‘எல்லாம் புஸ்வாணம்’ என்று சிரித்தவர்களுக்குச் சரியாக ஒரு வருடத்தில் பதில் கிடைத்தது. 2016 ஜனவரியில் அதே சென்ட்ரல் பார்க்கில் 27.5 அங்குலம். 1869-லிருந்து எழுதி வைத்த கணக்கில் அதுவே அதிகம்.

வாட்ஸ்அப்பில் வரும் ‘பத்து நாளில் 28 இன்ச் பனி’ படத்தை அப்படியே தள்ளிவிடுங்கள். பெரும்பாலும் அது ஒரே மாடலை ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்த்த கணக்கு. ஒரு அங்குலத் தண்ணீருக்குப் பத்து அங்குலப் பனி என்று கண்ணை மூடிக்கொண்டு பெருக்கிய படங்களும் உண்டு. மேலே ஒரு மைல் உயரத்தில் காற்று உறைநிலைக்கு மேல் ஓரிரு டிகிரி சூடானால் போதும், பனி உருகி மறுபடி உறைந்து குருணையாக விழும். ஜன்னல் கண்ணாடியில் முறத்தில் அரிசி கொட்டுவதுபோலச் சத்தம் கேட்டால், அந்த 28 கரையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

தேசிய வானிலைச் சேவையின் பல அலுவலகங்கள் பனிக்கு மூன்று எண் தருகின்றன: பத்தில் ஒன்பது வாய்ப்புள்ள குறைந்தபட்சம், எதிர்பார்ப்பது, பத்தில் ஒரு வாய்ப்புள்ள அதிகபட்சம். செய்தியில் வருவது பெரும்பாலும் நடு எண் மட்டும். 2, 8, 15 என்று இருந்தால், ஆபீஸ் போவதா வேண்டாமா என்பதை 8-ஐ வைத்து முடிவு செய்யலாம். வீட்டில் இன்சுலின் போடும் அப்பா இருந்தால், கரண்ட் போனால் என்ன செய்வது என்பதை 15-ஐ வைத்துத்தான் பார்க்க வேண்டும்.