குரூஸ் கப்பல் தீவில் நிற்கும் நாளில் சொந்தமாக ஊர் சுற்றுவது எப்படி

பயணத் திட்டத்தில் ‘காலை 8:00 – மாலை 6:00’ என்று போட்டிருப்பதைப் பார்த்ததும், முழுசாகப் பத்து மணி நேரம் கையில் இருக்கிறது என்று நினைத்துவிடுவோம். அது கப்பலின் கணக்கு. 8 மணிக்குக் கப்பல் துறையில் கட்டப்படும், அல்லது கரைக்குச் சற்றுத் தள்ளி நங்கூரம் போடும். உள்ளூர் அதிகாரிகளின் அனுமதி வந்த பிறகுதான் கதவு திறக்கும். அதற்கு அரை மணி நேரம் ஆவது சர்வசாதாரணம். மாலை 6 என்பது கப்பல் கிளம்பும் நேரம். பயணிகள் ஏறி முடித்திருக்க வேண்டியது பெரும்பாலும் அதற்கு 30 நிமிடம் முன்னதாக. சில நிறுவனங்களில் ஒரு மணி நேரம். முதல் நாள் இரவு கேபினுக்கு வரும் நிகழ்ச்சித் தாளில் அல்லது கப்பலின் செயலியில் இருப்பதே இறுதி நேரம். டிக்கெட் வாங்கிய அன்று பார்த்ததை மறந்துவிடுங்கள்.

கப்பல் நிறுவனம் விற்கும் சுற்றுலாவில் போனால், பேருந்து தாமதமானாலும் கப்பல் காத்திருக்கும். காத்திருக்க முடியாவிட்டால் அடுத்த துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. சொந்தமாகப் போகிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது. அதனால் திட்டத்தைக் காலையிலிருந்து எழுதாதீர்கள். கப்பலில் ஏறி முடிக்க வேண்டிய நேரத்திலிருந்து பின்னோக்கி எழுதுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன்

முதல் கேள்வி: கப்பல் துறையில் நிற்குமா, நங்கூரம் போட்டு டெண்டர் என்ற சிறு படகில் கரைக்குக் கொண்டுபோய் இறக்குமா? கிரீஸின் சாண்டோரினி, கரீபியனில் கிராண்ட் கேமன் தீவின் ஜார்ஜ் டவுன் போன்ற இடங்களில் டெண்டர்தான். டெண்டர் என்றால் இரண்டு விஷயம். கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாக்காரர்களுக்கும் உயர்வகுப்பு அறைக்காரர்களுக்கும் முதல் படகுகள் போகும்; மற்றவர்கள் எண் போட்ட சீட்டு வாங்கிக் காத்திருக்க வேண்டும். அடுத்து, அலை அதிகமாக இருந்தால் கேப்டன் அந்த நிறுத்தத்தையே ரத்து செய்துவிடுவார். துறைமுகக் கட்டணம் மட்டும் பொதுவாகத் திரும்ப வரும். நீங்கள் வெளியே கட்டிய பணம் வராது. எனவே டெண்டர் தீவுகளில் ‘கப்பல் வராவிட்டால் முழுப் பணமும் திருப்பித் தருவோம்’ என்று எழுத்தில் தருபவரிடம் மட்டும் முன்பதிவு செய்யுங்கள். டெண்டர் என்றால் நங்கூர நேரத்துக்கு இரண்டு மணி நேரம் கழித்தும், துறை என்றால் ஒன்றேகால் மணி நேரம் கழித்தும் உங்கள் முதல் முன்பதிவு இருக்கட்டும்.

இரண்டாவது, எந்தத் துறை? தீவின் பெயர் மட்டும் தெரிந்தால் போதாது. மெக்சிகோவின் கோசுமெல் தீவில் குரூஸ் துறைகள் மூன்று. புன்டா லாங்கோஸ்டாவில் இறங்கினால் ஊர் காலடியில் இருக்கும். மற்ற இரண்டில் இறங்கினால் ஊருக்கு டாக்ஸி பிடிக்க வேண்டும். கிரீஸின் மிகோனோஸில் புதிய துறையிலிருந்து பழைய ஊருக்குச் சில கிலோமீட்டர். நடுவே சிறு படகு ஓடுகிறது. பெர்முடாவில் பெரிய கப்பல்கள் நிற்கும் ராயல் நேவல் டாக்யார்ட் தீவின் மேற்குக் கோடி. செயின்ட் ஜார்ஜ் ஊர் கிழக்குக் கோடி. இரண்டையும் ஒரே நாளில் பார்க்க ஆசைப்பட்டால் பாதி நாள் பேருந்து ஜன்னலோரமாகவே கழியும்.

மூன்றாவது, அன்றைக்கு எத்தனை கப்பல்? க்ரூஸ்மேப்பர் போன்ற தளங்களில் துறைமுகவாரியாகத் தேதி போட்டுப் பார்க்கலாம். ஒரு கப்பல் நிற்கும் நாளும் நான்கு கப்பல் நிற்கும் நாளும் ஒரே தீவில்கூட வேறு வேறு அனுபவம். டாக்ஸி, பேருந்து, கேபிள் கார் எதற்கும் வரிசை அப்படியே பெருகும். கூடவே கிழமையையும் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பேருந்து குறைவு, வாடகைக் கார் அலுவலகம் பூட்டு, அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறை என்று ஒரு தீவு பாதி மூடிக் கிடக்கலாம்.

சாண்டோரினியை வைத்து ஒரு கணக்கு

பின்னோக்கிக் கணக்குப் போடுவது எப்படி என்று பார்க்க இதைவிடக் கறாரான தீவு கிடைக்காது. கப்பல் எரிமலை வாய்க்குள் நங்கூரம் போடும். சொந்தமாகப் போகிறவர்களைச் செங்குத்துப் பாறையின் அடிவாரத்தில் உள்ள பழைய துறையில் இறக்குவார்கள். தலைநகரான ஃபிரா சுமார் 220 மீட்டர் மேலே. ஏற வழிகள் மூன்று: கேபிள் கார், சுமார் 590 படிகள், அதே படிகளில் போகும் கோவேறு கழுதை. கப்பலின் சுற்றுலாவில் போகிறவர்களை வழக்கமாக அதினியோஸ் துறையில் இறக்கிப் பேருந்தில் மேலே கொண்டுபோவார்கள். ஆனால் அவர்களும் பெரும்பாலும் திரும்பும்போது இதே கேபிள் காரில்தான் இறங்க வேண்டும். மாலையில் நெரிசல் இரட்டிப்பாவது அதனால்தான்.

கேபிள் காரில் ஒரு நடைக்கு 36 பேர், பயணம் சுமார் மூன்று நிமிடம். கேட்க வேகமாகத்தான் இருக்கிறது. 1,500 பேர் ஒரே நேரத்தில் இறங்க நினைத்தால் 42 நடை ஆகும். மூன்று கப்பல் நிற்கும் நாளில் பிற்பகல் வரிசை ஒரு மணி நேரத்தைத் தாண்டுவது இப்படித்தான்.

காலை 8:00க்கு நங்கூரம், கடைசி டெண்டர் மாலை 5:30 என்று வைத்துக்கொள்வோம். கீழே படகுத்துறையில் 4:30க்கு நிற்க வேண்டும். ஒரு மணி நேரம் கையிருப்பு. வரிசைக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கினால் 3:00க்கு ஃபிராவில் கேபிள் கார் நிலையத்தின் வாசலில் இருக்க வேண்டும். ஃபிராவில் ஒரு மணி நேரமாவது சுற்ற வேண்டுமே, ஆகவே 2:00க்கு ஃபிரா பேருந்து நிலையம். பார்க்கப் போவது தீவின் வடகோடி ஊரான ஓயா என்றால், அங்கிருந்து பேருந்துக்கு அரை மணி நேரம். முதல் பேருந்து நிரம்பி வழிந்தால் அடுத்ததற்காக இன்னொரு அரை மணி. ஆக 1:00க்கு ஓயாவை விட்டுக் கிளம்ப வேண்டும்.

காலைப் பக்கம்: டெண்டர் சீட்டு கிடைத்துக் கரை சேர 9:15. மேலே போக வரிசையோடு 10:00. பேருந்து பிடித்து ஓயா சேர 11:00. கையில் நிற்பது இரண்டு மணி நேரம். கப்பல் ஒன்பதரை மணி நேரம் நிற்கிறது. ஓயாவுக்குக் கிடைப்பது இவ்வளவுதான். இதோடு தெற்கே அக்ரோத்திரியின் வெண்கலக் கால நகரத்தையும் பார்க்க முடியுமா என்று கேட்டால், முடியாது. பேருந்துகள் எல்லாம் ஃபிராவில் வந்து மாறுகின்றன. வடக்கிலிருந்து தெற்குக்கு நேர் பேருந்து இல்லை. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஓயாவின் அஸ்தமனம் புகழ் பெற்றது என்பதால் அதற்காக ஏங்குபவர்களுக்கு: ஜூனில் சூரியன் மறைய இரவு 8:30 தாண்டிவிடும். கப்பல் இரவு 10 வரை நிற்காவிட்டால் அந்த ஆசையை விட்டுவிடலாம்.

காலை வரிசையைத் தவிர்க்க ஒரு வழி உண்டு. பழைய துறையிலேயே ஓயாவுக்குக் கீழே கொண்டுபோய் விடும் படகு, அங்கிருந்து மேலேற வண்டி, பிறகு ஃபிராவுக்குப் பேருந்து என்று சேர்த்து விற்கிறார்கள். கூட்டம் அதிகமான நாளில் கொடுத்த பணத்துக்கு இது தகும். மாலையில் 3 மணிக்கு வரிசை வீதி வரை நீண்டிருந்தால் படியில் இறங்கிவிடுங்கள். 25 முதல் 30 நிமிடம். கழுதைகள் போய்வந்து வழவழப்பான கற்கள், ஆங்காங்கே சாணம். பிடிப்பான அடி உள்ள செருப்பு இல்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இந்த வழியே கிடையாது. அவர்கள் 2:30க்கே வரிசையில் நின்றுவிட வேண்டும்.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது, கையிருப்பு நேரம் முழுவதும் நாளின் கடைசியில், கப்பலுக்கு அருகில் இருக்கிறது என்பது. எந்தத் தீவானாலும் தொலைவான இடத்தை முதலில் முடியுங்கள். கடைசி இரண்டு மணி நேரம் கப்பலுக்கு நடந்தே வந்துவிடக்கூடிய தூரத்தில் கழியட்டும். கடைவீதி, சாப்பாடு, பக்கத்துக் கடற்கரை எல்லாவற்றையும் அங்கே தள்ளிவிடுங்கள். காலையில் இங்கே வேடிக்கை பார்த்துவிட்டு மதியம் தூரத்துக்குக் கிளம்புகிறவர்கள்தான் பின்னால் துறைமேடையில் ஓடுகிறார்கள்.

எந்தக் கடிகாரம்?

கப்பலின் நேரமும் தீவின் நேரமும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கோசுமெல் இருக்கும் கின்டானா ரூ மாநிலம் 2015 முதல் வருடம் முழுக்க ஒரே நேரத்தைக் கடைப்பிடிக்கிறது. ஃபுளோரிடாவிலோ கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள். அங்கிருந்து வரும் கப்பல் தன் நேரத்தை மாற்றாவிட்டால், கடற்கரைக் கடையின் கடிகாரம் 4 காட்டும்போது கப்பலில் 5. கரை இறங்கியதும் உள்ளூர் அலைவரிசையைப் பிடித்துக் கைபேசியும் சத்தமில்லாமல் 4க்கு மாறிவிடும்.

தீவின் நேரம் கப்பலைவிடப் பின்தங்கியிருந்தால்தான் ஆபத்து. முந்தியிருந்தால் நீங்கள் சீக்கிரம் வந்து நிற்பீர்கள், அவ்வளவே. இறங்குவதற்கு முன் கைபேசியில் தானியங்கி நேர மண்டலத்தை அணைத்துவிடுங்கள். சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்தில் வைத்துக் கட்டிக்கொள்வது அதைவிட நம்பகம். வெளி வண்டிக்காரரிடம் நேரம் பேசும்போது ‘உங்கள் நேரமா, கப்பல் நேரமா’ என்று வாய்விட்டுக் கேளுங்கள். முன்பதிவுச் சீட்டில் இருப்பது பொதுவாகத் தீவின் நேரம்.

வண்டி

டாக்ஸி என்றால் ஏறுவதற்கு முன் மூன்றைப் பேசி முடியுங்கள்: தொகை ஆளுக்கா வண்டிக்கா, ஒரு வழியா போய்வரவா, எந்த நாணயம். கேமன் தீவுகளில் ‘டாலர்’ என்றால் அது உள்ளூர் டாலராகவும் இருக்கலாம். அமெரிக்க டாலரைவிட அதன் மதிப்பு கூடுதல். போய்வரப் பேசினாலும் முழுப் பணத்தையும் முதலிலேயே கொடுக்காதீர்கள். வண்டி எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தொலைவான கடற்கரையில் இறக்கிவிட்டுத் திரும்பி வராத ஓட்டுநரை நம்பி நின்றுதான் பலர் நேரம் இழக்கிறார்கள். முன்பணம் முழுதும் கைக்கு வந்துவிட்டால் அவர் வரக் காரணமே இல்லையே.

வாடகைக் கார் நான்கு பேருக்கு மலிவுதான். ஆனால் காகித வேலைக்கு அரை மணி, திருப்பித் தர அரை மணி, பெட்ரோல் போடக் கால் மணி என்று ஒன்றேகால் மணி நேரத்தைக் கழித்துக்கொண்டு முடிவெடுங்கள். சர்வதேச ஓட்டுநர் அனுமதி கேட்பார்களா என்று முன்பே மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வைத்திருங்கள். கரீபியன் தீவான செயின்ட் தாமஸில் சாலையின் இடப்புறம் ஓட்ட வேண்டும். கார்களோ ஸ்டியரிங் இடப்பக்கம் உள்ள அமெரிக்க வண்டிகள். வளைவும் ஏற்றமுமான சாலையில் முதல் முறை ஓட்ட அது நல்ல இடமில்லை. பெர்முடாவில் பயணிகளுக்குச் சாதாரண வாடகைக் கார் கிடையாது. சிறு மின்வண்டி, ஸ்கூட்டர், பேருந்து, படகு ஆகியவைதான். டாக்யார்டிலிருந்து தலைநகர் ஹாமில்டனுக்குப் படகு சுமார் 20 நிமிடம். 7ஆம் எண் பேருந்து ஹார்ஸ்ஷூ பே கடற்கரைப் பக்கம் போகும். அங்கே படகும் பேருந்துமே போதும்.

பொதுப் பேருந்தை நம்புவதானால் நீங்கள் ஏற நினைப்பதற்கு அடுத்த பேருந்தும் உங்களைக் கடைசி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். சேர்க்காது என்றால் ஒன்று முன்னதாக ஏறுங்கள்.

சில இடங்களுக்குச் சொந்தமாகப் போகாமல் கப்பலின் சுற்றுலாவையே வாங்குவது புத்திசாலித்தனம். கோசுமெலில் இறங்கிச் சிச்சென் இட்சா என்ற பழைய மாயன் நகரத்துக்குப் போக வேண்டுமானால் முதலில் பெருநிலத்துக்குப் படகு, பிறகு இரண்டு மணி நேரத்துக்கு மேல் சாலை, அதே வழியில் திரும்ப வேண்டும். இடையில் ஒன்று தடைப்பட்டால் மாற்று வழி இல்லை. ஒரே சாலை, ஒரே படகு, ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தூரம் ஆகியவற்றில் இரண்டு சேர்ந்தாலே யோசிக்க வேண்டும்.

பையில் என்ன

கப்பல் அட்டை, புகைப்பட அடையாளம், உள்ளூர்ச் சில்லறை, கடன் அட்டை ஒன்று, இரண்டு நாளுக்கான மருந்து. கடவுச்சீட்டைப் பொறுத்தவரை, துறையைச் சுற்றியே நடப்பதானால் கேபினில் உள்ள பெட்டகத்தில் இருக்கட்டும், நகல் போதும். தீவின் மறுகோடிக்கோ வேறு தீவுக்கோ போவதானால் அசலை இடுப்புப் பையில் கொண்டுபோங்கள். அசலைக் கரைக்குக் கொண்டுபோகச் சொல்லும் நாடுகளும் உண்டு. நிகழ்ச்சித் தாளில் போட்டிருப்பார்கள். தீவின் வரைபடத்தை இணையம் இல்லாமலும் திறக்கும்படி வைஃபை உள்ள இடத்தில் முன்பே இறக்கிவையுங்கள். கரை ஏறும்வரை கைபேசி விமானப் பயன்முறையில் இருக்கட்டும். கப்பலின் கடல்வழி அலைவரிசையில் சிக்கினால் கட்டணம் கையைக் கடிக்கும். கப்பலிலிருந்து பழமோ சமைத்த உணவோ எடுத்துப் போகாதீர்கள். பல தீவுகளில் அதற்குத் தடை, அபராதமும் உண்டு.

நிகழ்ச்சித் தாளில் போர்ட் ஏஜென்ட், அதாவது அந்தத் துறைமுகத்தில் கப்பல் நிறுவனத்தின் சார்பில் இருப்பவர், என்று ஒரு பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கும். அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு காகிதத்திலும் எழுதிக்கொள்ளுங்கள்.

தாமதமாகிவிட்டால்

நேரம் கடந்த பிறகு கூப்பிடாதீர்கள். கடக்கப்போகிறது என்று தெரிந்ததுமே ஏஜென்டைக் கூப்பிடுங்கள். பெயர், அறை எண், எங்கே இருக்கிறீர்கள், எத்தனை நிமிடத்தில் வருவீர்கள் என்பதை மட்டும் சொல்லுங்கள். யார் ஏறவில்லை என்பது அட்டைப் பதிவிலிருந்து கப்பலுக்குத் தெரியும். பத்து நிமிடத் தாமதமென்றால் சில சமயம் காத்திருப்பார்கள், ஆனால் அதை எதிர்பார்க்க முடியாது. கிளம்புவதென்று முடிவானால், பெட்டகத்தில் உங்கள் கடவுச்சீட்டு இருக்கிறதா என்று பார்த்துப் பல சமயம் ஏஜென்டிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். அதனால் நேராக அவர் அலுவலகத்துக்கே போங்கள். அடுத்த துறைமுகத்துக்குப் போகும் செலவு உங்களுடையது. விமானச் சீட்டு வாங்குவதற்கு முன் அந்த நாட்டுக்கு உங்கள் கடவுச்சீட்டில் விசா இருக்கிறதா என்று பாருங்கள். கப்பலில் வந்து இறங்குபவருக்குத் தரும் தளர்வு விமானத்தில் வருபவருக்கு இல்லாமல் போகலாம். பயணக் காப்பீட்டில் ‘புறப்பாட்டைத் தவறவிடுதல்’ என்று இருந்தாலும் சில பாலிசிகளில் அது பயணத்தின் முதல் நாள் புறப்பாட்டை மட்டுமே குறிக்கும். இடைத் துறைமுகமும் சேர்கிறதா என்று வாங்கும்போதே படித்துவிடுங்கள்.