விமான ஆயில் டப்பால இருக்கற நம்பரை எப்படிப் படிக்கறது

கார், பைக் ஆயில் பாத்து பழகின கண்ணுக்கு சின்ன விமானத்தோட பிஸ்டன் இன்ஜினுக்கு ஊத்தற ஏரோஷெல் டபிள்யூ100 டப்பாவைப் பாத்ததும் குழப்பம்தான் வரும், 100ன்னா தார் மாதிரி இருக்குமோன்னு. அப்படியில்லீங்க, ஏவியேஷன்ல நம்பர் போடற கணக்கே வேற, கிட்டத்தட்ட பாதியாக்கிக்கோங்க: 65ன்னா எஸ்ஏஇ (கார் ஆயில் கெட்டித்தன்மைக்குப் போடற நம்பர்) 30, 80ன்னா 40, 100ன்னா 50, 120ன்னா 60.

அடுத்து அந்த டபிள்யூ, நிறைய பேர் சறுக்கறது இங்கதான். கார் ஆயில்ல 20டபிள்யூ-50ன்னா அந்த டபிள்யூ குளிருக்கானது. ஏரோஷெல்ல நம்பருக்கு முன்னாடி வர்ற டபிள்யூ அது ஆஷ்லெஸ் டிஸ்பர்சன்ட் ஆயில்னு சொல்லுது, அதாவது எரிஞ்சாலும் சாம்பல் விடாது, அழுக்கை எங்கயும் படியவிடாம தன்னோடயே சுமந்துட்டு ஆயில் மாத்தறப்ப வெளிய வந்துடும். டபிள்யூ 15டபிள்யூ-50 டப்பாவுல ரெண்டுமே இருக்கும் பாருங்க, முதல் டபிள்யூ சாம்பலுக்கு, ரெண்டாவது குளிருக்கு.

டபிள்யூ இல்லாம வெறும் 100ன்னு இருந்தா ஸ்ட்ரெயிட் மினரல் ஆயில், அதாவது அந்த டிஸ்பர்சன்ட் சேக்காத ஆயில். புது இன்ஜின், ஓவர்ஹால் ஆன இன்ஜின்ல பிஸ்டன் ரிங் செட் ஆகறதுக்கு ஊத்தறது, விமான இன்ஜின் செய்யற லைகமிங் கம்பெனி சொல்றது 50 மணி நேரம் இல்லன்னா ஆயில் குடிக்கறது ஒரே அளவுல நிக்கற வரைக்கும். சில டர்போ மாடலுக்கு மட்டும் முதல்லேர்ந்தே ஆஷ்லெஸ்தான், அதனால மேனுவல் பாக்காம ஊத்தாதீங்க.

வெயிலுக்கு எது? லைகமிங்ல ஆஷ்லெஸ்னா 15 டிகிரி செல்சியஸுக்கு மேல 80 இல்ல 100, 27க்கு மேல 120யும் போடலாம், 15டபிள்யூ-50, 20டபிள்யூ-50 எந்த வெயில் குளிருக்கும் ஓகே. குளிர்ல கெட்டி ஆயில் போட்டா என்னாகும்னா, செஸ்னா 172ல இருக்கற மாதிரி லைகமிங்ல வால்வைத் திறக்கற கேம்ஷாஃப்ட், பிஸ்டன் சுத்தற கிராங்க் தண்டுக்கு மேல இருக்கு, நிறுத்தி வெச்ச இன்ஜின்ல ஆயில் கீழ வடிஞ்சிருக்கும், காலைல ஸ்டார்ட் பண்றப்ப ஆயில் மேல போய் சேர்ற வரைக்கும் கேம் காய்ஞ்சே உரசும். ஸ்டார்ட் பண்ணதும் பிரஷர் முள்ளை விட்டு கண்ணை எடுக்காதீங்க, 30 செகண்ட்ல ஏறலன்னா ஆஃப் பண்ணிடுங்க.

விலை கம்மின்னு கார் ஆயில் மட்டும் ஊத்திடாதீங்க, கெஞ்சிக் கேக்கறேன். அதுல இருக்கற மெட்டல் சேர்மானம் எரிஞ்சு சிலிண்டருக்குள்ள சாம்பலா படியும், அது தணலாகி ஸ்பார்க் வர்றதுக்கு முன்னாடியே பெட்ரோலைப் பத்த வெச்சிடும், பிஸ்டன் ஓட்டையாகற அளவுக்குப் போகும். ரோட்டாக்ஸ் 912ங்கற சின்ன விமான இன்ஜினுக்கு கணக்கு தனி, கியர்பாக்ஸும் அதே ஆயில்ல ஓடறதால அதுக்குன்னு இருக்கற ஆயில்தான்.

நான் ஆயில் மாத்தினதும் கிரேடு, தேதி, மணி நேரம் எழுதின ஸ்டிக்கரை ஆயில் மூடி பக்கத்துலயே ஒட்டிடுவேன், அடுத்து அரை லிட்டர் டாப்-அப் பண்ண வர்றவங்க டப்பாவை அது பக்கத்துல வெச்சுப் பாத்துட்டு ஊத்தலாம்.