லொகேஷன் ஷூட்: ஃப்ரீலான்ஸ் கமர்ஷியல் ஃபோட்டோகிராஃபர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்டுடியோவில் லைட், சுவர், கரண்ட், ஏசி எல்லாம் நம் கையில். லொகேஷனுக்குப் போனால் இதில் ஒன்றுகூட நம் கையில் இல்லை. கூடவே கிளையண்ட், ஏஜென்சியிலிருந்து வந்த ஆர்ட் டைரக்டர், மாடல், மேக்கப் போடுபவர், இடத்துக்குச் சொந்தக்காரர் என்று ஒரு கூட்டமே நம் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருபவர்கள் கேமராவைப் பற்றியும் லென்ஸைப் பற்றியும்தான் அதிகம் கவலைப்படுகிறார்கள். நான் பார்த்தவரை லொகேஷன் வேலைகள் கெட்டுப்போவது, ஷூட்டுக்கு முன்னாலேயே கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்காமல் விடுவதால்தான். அதனால் இங்கே சொல்லப்போவதில் பாதிக்கு மேல் ஷூட்டுக்கு முந்தைய சமாச்சாரம்.

முதல் தவறு, எவ்வளவு ஆகும் என்று கேட்டவுடன் ஒரு தொகையைச் சொல்லிவிடுவது. "நாலஞ்சு படம்தான், அரை நாள் வேலை" என்று கிளையண்ட் சொன்னால் நாமும் அரை நாளுக்குக் கணக்குப் போட்டுவிடுகிறோம். அரை நாள் என்பது ஷட்டர் அழுத்தும் நேரம் மட்டுமே. போய்ப் பார்த்துவிட்டு வந்தது, சாமான் கட்டியது, பயணம், படங்களைத் தேர்ந்தெடுத்தது, ரீடச், திருத்தம் என்று கூட்டினால் அது மூன்று நாள் வேலையாகக்கூட இருக்கும். அதைவிட முக்கியம், படத்தை எங்கே, எவ்வளவு காலத்துக்கு, எந்தெந்த ஊர்களில் பயன்படுத்தப்போகிறார்கள் என்பது. கம்பெனியின் சமூக வலைதளப் பக்கத்தில் ஒரு மாதம் கிடக்கும் படமும், ஒரு நாடு முழுக்க ஹோர்டிங்கில் ஒரு வருடம் நிற்கும் படமும் எடுப்பதற்கு ஒரே உழைப்பாக இருக்கலாம், ஆனால் கிளையண்டுக்கு அதனால் வரும் பலன் ஒன்றல்ல. உரிமத்தில் ஊடகம், நிலப்பரப்பு, கால அளவு, வேறு யாருக்கும் தரக் கூடாதா என்ற நான்கும் எழுத்தில் இருக்க வேண்டும்.

காப்புரிமை (காப்பிரைட்) எப்படியும் எடுத்தவருக்குத்தானே என்று நினைத்துச் சும்மா இருக்கவும் கூடாது. அது நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனின் 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி, சம்பளத்துக்கு வேலை பார்க்காத ஃபோட்டோகிராஃபர் எடுத்த படத்துக்கு அவர்தான் முதல் உரிமையாளர். இந்தியாவின் 1957ஆம் ஆண்டுச் சட்டத்தில், ஒருவர் கேட்டுக்கொண்டு, பணம் பெற்று எடுத்த புகைப்படம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். ஒரே மாதிரி வேலை, நேர் எதிரான இரண்டு முடிவுகள்! இரண்டு பக்கத்தில் ஒரு ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால் இந்தக் குழப்பமே வராது. அட்வான்ஸ் எவ்வளவு, மழை பெய்தால் என்ன செய்வது, கடைசி நேரத்தில் ரத்து செய்தால் எவ்வளவு தர வேண்டும், எத்தனை முறை திருத்தம் இலவசம், சொன்ன நேரத்தைத் தாண்டினால் மணிக்கு எவ்வளவு, இதெல்லாம் அதிலேயே வந்துவிடட்டும். கேட்டால் வேலை கைவிட்டுப் போய்விடுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். ஒழுங்காகத் தொழில் செய்யும் கிளையண்ட் இதைக் கேட்டு ஓடமாட்டார், அவருக்கும் எழுத்தில் இருப்பதுதான் நல்லது.

அடுத்தது ரெக்கி, அதாவது ஷூட்டுக்கு முன்பே இடத்தைப் போய்ப் பார்ப்பது. போகாமலே விடுவது ஒரு தவறு, தப்பான நேரத்தில் போவது இன்னொரு தவறு, இரண்டாவதுதான் அதிகம் நடக்கிறது. சாயங்காலம் போய்ப் பார்க்கும்போது கட்டடத்தின் முகப்பு தங்கம் மாதிரி ஜொலிக்கும், திருப்தியாகத் திரும்பி வருவோம். ஷூட் காலை எட்டு மணிக்கு. அந்த நேரத்தில் சூரியன் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கிறது, முகப்பு முழுக்க நிழல், மேலே வானம் வெளுத்துக் கிடக்கிறது, கம்பெனியின் பெயர்ப்பலகையைப் படிக்கவே முடியவில்லை. ஷூட் நடக்கப்போகும் அதே நேரத்தில் போய்ப் பார்ப்பதுதான் சரி. முடியாவிட்டால் ஃபோட்டோபில்ஸ் மாதிரி ஒரு செயலியில் அந்தத் தேதிக்குச் சூரியன் எந்தத் திசையில், எந்த உயரத்தில் இருக்கும் என்று பார்த்துக்கொள்ளலாம். பக்கத்துக் கட்டடத்தின் நிழல் எத்தனை மணிக்கு வந்து விழும் என்பதைத்தான் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். போனதோடு பிளக் பாயிண்ட் எங்கே, லிஃப்ட் வேலை செய்கிறதா, வண்டியை எங்கே நிறுத்துவது, மாடல் உடை மாற்ற இடம் இருக்கிறதா, கழிப்பறை எங்கே என்பதையும் விசாரித்துவிட வேண்டும். ஃபோனில் நாலு பக்கமும் வீடியோ எடுத்து வைத்துக்கொண்டால் ஆர்ட் டைரக்டரிடம் பேசும்போது கைகொடுக்கும்.

அனுமதி விஷயத்தில் எல்லோரும் செய்யும் தப்பு, ஆளிடம் கேட்டால் போதும் என்று நினைப்பது. வாசலில் இருக்கும் காவலாளியோ அந்தக் கிளையின் மேனேஜரோ சரி என்று தலையாட்டியது விளம்பரப் படத்துக்குச் செல்லாது. இடத்துக்கு உரிமையாளரிடமிருந்து எழுத்தில் வேண்டும், படத்தில் முகம் தெரியும் ஒவ்வொருவரிடமிருந்தும் மாடல் ரிலீஸ் (தன் படத்தைப் பயன்படுத்தலாம் என்ற ஒப்புதல் கடிதம்) வேண்டும், சிறுவர்கள் என்றால் பெற்றோரின் கையெழுத்து வேண்டும். பொது இடத்தில் செய்திக்காகப் படம் எடுப்பதும், அதே இடத்தில் ஒரு பொருளை விற்பதற்காகப் படம் எடுப்பதும் சட்டத்தின் கண்ணில் வேறு வேறு. பாரிஸின் ஈஃபிள் கோபுரம் இதற்கு நல்ல உதாரணம். கோபுரத்தின் வடிவமைப்புக்கான காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது, பகலில் எடுத்த படத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. இரவில் எரியும் விளக்கு அலங்காரம் மட்டும் தனிப் படைப்பு, அதற்கு உரிமை இருக்கிறது, அதனால் இரவுப் படத்தை வணிகத்துக்குப் பயன்படுத்த வேண்டுமென்றால் கோபுரத்தை நிர்வகிக்கும் நிறுவனத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். சுவரோவியம், சிற்பம், பின்னணியில் தெரியும் இன்னொரு கம்பெனியின் லோகோ எல்லாவற்றிலும் இதே மாதிரிச் சிக்கல் ஒளிந்திருக்கலாம்.

இப்போது வெளிச்சத்துக்கு வருவோம், என்னைக் கேட்டால் லொகேஷன் வேலையின் மிகக் கஷ்டமான பகுதி இதுதான். ஒரு அலுவலகத்தில் பெரிய கண்ணாடி ஜன்னல் பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் வெளிச்சம் சுமார் 5500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தை அளக்கும் அலகு, எண் குறையக் குறைய மஞ்சள்), மேலே தொங்கும் மஞ்சள் விளக்கு 3000 பக்கம், தூரத்தில் இருக்கும் பழைய டியூப்லைட்டில் லேசாகப் பச்சை. நம் கண் இதையெல்லாம் தானாகவே சரிசெய்துகொள்ளும், கேமரா செய்யாது. வெள்ளைச் சட்டையின் இடது தோள் நீலமாகவும் வலது தோள் மஞ்சளாகவும் வரும், தாடைக்குக் கீழே பச்சை படியும். அப்புறம் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்ளலாம் என்பது இங்கே நடக்காது, ஏனென்றால் வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் ஒயிட் பேலன்ஸை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் ஒரு தோள் சரியாகும், மற்றது இன்னும் கெடும். அதனால் முதலில் தேவையில்லாத விளக்கை அணையுங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீர்ந்துவிடும், ஆனால் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர் அன்றைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், இதையும் ரெக்கியிலேயே கேட்டு வையுங்கள். அணைக்க முடியாத விளக்கென்றால் உங்கள் ஃபிளாஷில் ஆரஞ்சு ஜெல் (நிறத் தாள்) போட்டு அந்த விளக்கின் நிறத்துக்குக் கொண்டுவரலாம். வெளிச்சம் மாறும் ஒவ்வொரு முறையும் கிரே கார்டு (நிறத்தைச் சரிபார்க்கும் சாம்பல் அட்டை) வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு சட்டையின் நிறம் பிராண்டின் நிறத்தோடு ஒத்துப்போகவில்லை என்று கிளையண்ட் சொல்லும்போது அதுதான் காப்பாற்றும்.

எல்இடி விளக்கில் இன்னொரு வில்லங்கம் இருக்கிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் மலிவான விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும், 60 ஹெர்ட்ஸ் என்றால் 120 முறை. கண்ணுக்குத் தெரியாது. ஷட்டர் வேகத்தைக் கூட்டினால், அதிலும் சத்தம் வராத எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்தால், படத்தில் குறுக்கே பட்டை பட்டையாக விழும். சின்ன ஸ்கிரீனில் பார்க்கும்போது தப்பித்துவிடும், வீட்டுக்கு வந்து பெரிதாக்கினால்தான் தெரியும். 50 ஹெர்ட்ஸ் இடத்தில் 1/50 அல்லது 1/100 நொடியில் வைத்து, மெக்கானிக்கல் ஷட்டரில் எடுத்து, முதல் சில படங்களை நூறு சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள்.

உச்சி வெயிலில் சின்ன ஃபிளாஷை நம்பிப் போவதும் வழக்கமான தவறு. கணக்குப் போட்டால் புரியும். ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 100, நல்ல வெயில், 1/200 நொடி என்றால் லென்ஸ் துவாரம் எஃப் 11 வரும், எண் குறைந்தால் துவாரம் பெரிது. பின்னணி மங்க வேண்டும் என்று எஃப் 2.8க்குப் போனால் ஷட்டர் 1/3200 ஆக வேண்டும். பெரும்பாலான கேமராக்கள் ஃபிளாஷோடு ஒத்துப்போவது 1/200 அல்லது 1/250 வரைதான். அதற்கு மேலான வேகத்திலும் ஃபிளாஷை வேலை செய்ய வைக்கும் ஹை ஸ்பீட் சிங்க் போட்டால் ஃபிளாஷின் பலம் பெரிய அளவில் குறைந்துவிடும், கிடைப்பது முகத்துக்குப் பத்தாது. வெளிச்சத்தை நான்கு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் பாதி) குறைக்கும், லென்ஸில் மாட்டும் ஒரு என்டி ஃபில்டர் பையில் இருந்தால் 1/200லேயே எடுக்கலாம், ஆனால் அது ஃபிளாஷ் வெளிச்சத்தையும் சேர்த்தே குறைக்கும் என்பதால் ஓரளவு பலமான லைட்டும் வேண்டும். லைட்டை ஆளுக்குப் பக்கத்தில் கொண்டுபோகலாம், தூரம் பாதியானால் வெளிச்சம் நான்கு மடங்கு. இரண்டும் முடியாத இடத்தில் பேசாமல் ஆளை நிழலுக்குக் கூட்டிப்போவதே மேல்.

காற்றடிக்கும் இடத்தில் சாஃப்ட்பாக்ஸ் (லைட்டை மென்மையாக்கும் துணிப்பெட்டி) என்பது ஸ்டாண்டில் கட்டிய கப்பல் பாய். காற்றே இல்லையே என்று மணல் மூட்டை போடாமல் விடாதீர்கள், ஒரு லாரி கடந்து போனாலே போதும். லைட் உடைந்தால் பணத்தோடு போயிற்று, யார் தலையிலாவது விழுந்தால் என்ன செய்வது? ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் ஒரு மூட்டை, கேபிளைத் தரையோடு டேப் போட்டு ஒட்டுவது, முடிந்தால் ஸ்டாண்டைப் பிடிக்க ஒரு ஆள். சாமானுக்கு மட்டும் இன்சூரன்ஸ் எடுத்தால் போதாது, மூன்றாம் நபருக்குக் காயமோ சேதமோ ஏற்பட்டால் ஈடுகட்டும் பாலிசியும் வேண்டும். பெரிய கம்பெனிகள் பல அந்தச் சான்றிதழைப் பார்க்காமல் உள்ளேயே விடுவதில்லை.

விமானத்தில் போகும் வேலை என்றால் பேட்டரியைப் பற்றி முதலிலேயே யோசிக்க வேண்டும். உதிரி லித்தியம் பேட்டரிகளைச் செக்-இன் பெட்டியில் வைக்கவே கூடாது, கைப்பையில்தான். 100 வாட்-அவர் வரை பொதுவாகப் பிரச்சினை இல்லை, 100க்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதலோடு இரண்டு உதிரிகள், 160க்கு மேல் பயணிகள் விமானத்தில் கிடையாது. வோல்ட்டையும் ஆம்பியர்-அவரையும் பெருக்கினால் வாட்-அவர். 14.4 வோல்ட், 6.8 ஆம்பியர்-அவர் என்றால் சுமார் 98, கடைகளில் வீ-மவுண்ட் என்ற பெரிய பேட்டரிகள் 98, 99 என்று கிடைப்பதன் காரணம் இதுதான். வெளிநாட்டு வேலைக்குச் சாமான் எடுத்துப்போனால் சுங்கத்தில் சிக்காமல் இருக்க ஏடிஏ கார்னெட் என்ற ஆவணம் இருக்கிறது, வணிகச் சங்கங்கள் தருகின்றன, அதிகபட்சம் ஒரு வருடம் செல்லும். வாங்கினால் மட்டும் போதாது, கிளம்பும்போதும் திரும்பும்போதும் முத்திரை வாங்க மறக்கக் கூடாது.

ஷூட் அன்றைக்கு நடக்கும் தவறுகளில் முதலாவது, நெருக்கமாக ஃப்ரேம் வைப்பது. பார்க்க அழகாக இருக்கும், ஆனால் டிசைனருக்குத் தலைப்பு எழுத இடம் வேண்டும், ஒரே படம் குறுக்கு பேனராகவும் ஃபோன் திரைக்கான நெட்டு வடிவமாகவும் வெட்டப்படும். எந்தெந்த அளவில் போகும் என்று கேட்டு, அந்தக் கோடுகளை டெதர் செய்த (கேமராவோடு இணைத்த) லேப்டாப் திரையில் போட்டு வைத்துக்கொண்டு எடுங்கள். ஒவ்வொரு செட்டப் முடிந்ததும் ஆர்ட் டைரக்டரைத் திரையைப் பார்க்கச் சொல்லி, சரி என்று வாங்கிக்கொண்டுதான் லைட்டைக் கழற்ற வேண்டும். "வந்ததுக்கு அப்படியே இன்னும் ரெண்டு எடுத்துடலாமே" என்று கேட்டால் முகத்தைச் சுளிக்கவும் வேண்டாம், சும்மா தலையாட்டவும் வேண்டாம். எடுக்கலாம், இவ்வளவு நேரமும் இவ்வளவு பணமும் கூடும் என்று அங்கேயே சொல்லி, வாட்ஸாப்பில் ஒரு வரி போட்டுவிடுங்கள்.

பேக்கப்பைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, ஆனால் இன்னமும் ஒரே கார்டில் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு ஸ்லாட் இருந்தால் இரண்டிலும் ரா ஃபைலே (கேமரா பதிந்த முழுத் தகவலும் உள்ள ஃபைல்) பதியட்டும். பீட்டர் க்ரோக் என்ற ஃபோட்டோகிராஃபர் பரவலாக்கிய 3-2-1 முறை எளிது: மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், அதில் ஒன்று வேறு இடத்தில். லொகேஷனில் லேப்டாப்பிலும் ஒரு எஸ்எஸ்டியிலும் போட்டுவிட்டு, எஸ்எஸ்டியை கேமரா பையில் வைக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். எத்தனையோ பேர் மூன்று பிரதியையும் ஒரே பையில் வைத்துக் காரில் விட்டுச் சாப்பிடப் போகிறார்கள், அந்தப் பை போனால் மூன்றும் போயிற்று. படங்கள் இரண்டு இடத்தில் சரியாகத் திறக்கின்றன என்று பார்க்கும் வரை கார்டை ஃபார்மேட் செய்யாதீர்கள்.

ஃபைல் கொடுக்கும்போது இணையத்துக்கு எஸ்ஆர்ஜிபி என்ற நிற அமைப்பில் கொடுங்கள். அடோபி ஆர்ஜிபியில் அனுப்பினால் பல இடங்களில் நிறம் செத்துப்போய்த் தெரியும், பழி உங்கள் மேல்தான் வரும். அச்சுக்கு என்றால் அச்சகத்தில் என்ன கேட்கிறார்கள் என்று விசாரித்துவிட்டு அனுப்புங்கள். இன்வாய்ஸைப் படங்களோடு சேர்த்து அன்றைக்கே அனுப்பிவிட வேண்டும், எந்தத் தேதிக்குள் பணம் வர வேண்டும், உரிமம் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பது அதிலேயே இருக்கட்டும். முடியும் தேதியை உங்கள் காலண்டரிலும் குறித்து வையுங்கள், ஒரு மாதம் முன்னால் நீங்களே கூப்பிட்டு நீட்டிக்க வேண்டுமா என்று கேட்டால் பலர் சரி என்பார்கள், கேட்காவிட்டால் தேதி தாண்டியும் படம் ஓடிக்கொண்டிருக்கும். ஃபைல்களை எத்தனை வருடம் வைத்திருப்பீர்கள், அதற்கப்புறம் தேடி எடுத்துத் தரக் கட்டணம் உண்டா என்பதையும் அதே இன்வாய்ஸின் கீழே ஒரு வரியில் போட்டுவிடுங்கள்.