ஏழாம் பார்வையை எண்ணிப் பலன் காணும் முறை

இராசிக் கட்டத்தில் ஒரு கிரகம் நிற்கும் வீட்டை ஒன்றாகக் கொண்டு, கடிகாரம் சுற்றும் திசையில் எண்ணிச் சென்றால் ஏழாவதாக வரும் எதிர் வீட்டையும் அங்குள்ள கிரகங்களையும் அது முழுமையாகப் பார்க்கிறது என்பது சோதிட விதி. நின்ற வீட்டை விட்டுவிட்டு அடுத்த வீட்டிலிருந்து எண்ணுவது புதிதாகக் கற்போர் எளிதில் செய்துவிடும் பிழை. செவ்வாய், குரு, சனி ஆகியோருக்கு ஏழாம் பார்வை தவிரக் கூடுதலாக உள்ள சிறப்புப் பார்வைகளை இதனோடு கலக்க வேண்டாம்.

இரு கிரகங்கள் இவ்வாறு எதிரெதிரே நிற்பது சமசப்தமம். பௌர்ணமி மாலையில் மேற்கே சூரியன் மறையக் கிழக்கே நிலா எழுவதும் இதுவே. ஒருமுறையேனும் கண்ணால் கண்டு பழகுவது நல்லது.

மேஷ இலக்கினத்தாருக்கு, அதாவது பிறந்த நேரத்தில் கிழக்கே எழும் இராசி மேஷமாகி அதுவே 1-ஆம் இடமாக அமைந்தவருக்கு, கடகத்தில் குரு உச்சமாகவும் (மிகுந்த வலிமையோடும்) மகரத்தில் சனி ஆட்சியாகவும் (சொந்த வீட்டிலும்) நிற்பதாகக் கொள்வோம். முதலில் ஆதிபத்தியத்தை, அதாவது எந்தக் கிரகம் எந்த வீடுகளுக்கு அதிபதி என்பதைப் பார்க்க வேண்டும்: குரு 9, 12-ஆம் இடங்களுக்கும், சனி 10, 11-ஆம் இடங்களுக்கும் உரியவர்கள். ஆகவே இதை வெறும் மோதல் என்று ஒதுக்கிவிடாமல், 4-ஆம் இடமான வீட்டுச் சுகமும் 10-ஆம் இடமான தொழிலும் ஒன்றையொன்று இழுத்தாலும், 9, 10-ஆம் இடங்களின் அதிபதிகளான தர்மகர்மாதிபதிகளின் தொடர்பால் உழைப்புக்கேற்ற உயர்வு கிட்டும் என்று உரைப்பதே முறை என்பது என் துணிபு. இருவரும் தத்தம் இராசிக்குள் நிற்கும் பாகைகள் (டிகிரி) நெருங்கியிருந்தால், உதாரணமாக 5-உம் 7-உமாக இருந்தால், பலன் அழுத்தமாக இருக்கும்; 2-உம் 28-உமாக விலகினால் தளரும்.

ராகுவும் கேதுவும் எப்போதும் எதிரெதிரே நிற்பவை என்பதால், அவற்றின் சமசப்தமத்தைத் தனிச் சிறப்பாகக் கொள்ள வேண்டியதில்லை.